ரோடு ரோலரும் கங்கம்மா கோழிகளும்

ரோடு ரோலரில் ஏறிக்கொண்டு ஒருவன் வெள்ளைக் காரைத் துரத்துகிறான். காரின் பின்சீட்டில் இருப்பவன் வில்லன். ரோலர் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் வருகிறது; ஆனாலும் கார் தப்பவில்லை. நடுரோட்டில் கோழிகள். கார் நின்றுவிட்டது. வில்லன் கண்ணாடியை இறக்கிக் கோழிகளைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறான். பின்னால் ரோலர் கடகடவென்று நெருங்குகிறது. சிறுவயதில் பார்த்த அந்தத் தெலுங்குப் படத்தில் எனக்கு மிஞ்சியது இந்த ஒரு காட்சிதான். படத்தின் பெயர் மறந்துவிட்டது. மாமா சொன்னது மறக்கவில்லை.

மாமா என்றால் அத்தையின் கணவர். நைனா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஆந்திர எல்லைக்குள் விஜயபுரம் பக்கத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். மாமா திருத்தணிக்கு அந்தப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி எங்கள் ஊரோடு வந்துவிட்டவர். தியேட்டரில் ஓடுவதெல்லாம் தெலுங்குப் படம். நான் படித்ததோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அதனால் மாமா படம் முழுக்க எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பித் திட்டுவார்கள். அவர் நிறுத்தியதில்லை.

"அந்தக் கோழிங்க கங்கம்மாவுக்கு நேர்ந்து உட்டதுடா. மேல ஏத்துனா அவன் வம்சமே காலி. அதான், 'நவுந்துக்கோ தாயி, நவுந்துக்கோ தாயி'ன்னு கெஞ்சிக்கினு கீறான்."

கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கென்று அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழியை எங்கள் பக்கத்தில் யாரும் கல்லெடுத்து விரட்டக்கூட மாட்டார்கள். அது நெல்லில் வாய் வைத்தாலும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஆகவே நான் அதை நம்பினேன். அம்மனுக்குப் பயந்து மாட்டிக்கொண்ட அந்த வில்லனுக்காக வெகுநாள் பரிதாபப்பட்டேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. விசைத்தறி, லாரி கிளீனர் வேலை, கல் குவாரி, ஓட்டலில் தட்டுக் கழுவுவது என்று போய்க்கொண்டே இருந்தேன். தெலுங்கு அங்கேதான் வந்தது, வாங்கிய திட்டுகளோடு சேர்ந்து. எந்த ஊரிலும் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. கால் நிற்காது. இந்த வருஷம் மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வேலைக்குச் சேரச் சித்தூருக்கு வந்து இறங்கியபோது அத்தை போனில் அழைத்தாள். மாமாவைப் பக்கவாதம் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"கை வரலைன்னா போவட்டும்டா. வாயே தொறக்க மாட்டேங்குது. சத்தம் வருதோ வரலையோ, முயற்சி பண்ணிக்கினே இருக்கணும், இப்ப உட்டா அப்புறம் பேச்சு வராதுன்னு டாக்டரு சொல்றாரு. உங்க மாமா செவுத்தப் பாத்துக்கினு படுத்துட்டாரு. நீ வந்து ஒரு தபா கூப்புட்டுப் பாரு."

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. ஒருமணி நேரம் இருந்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டேன். புத்தலப்பட்டு தாண்டும்போது, அங்கே போய் என்ன பேசுவது என்று தெரியாமல், போனில் ரோடு ரோலர், கோழி, தெலுங்குப் படம் என்று தேடினேன். கிடைத்துவிட்டது. யாரோ அந்தக் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். பார்த்தேன். வில்லன் கோழியிடம் எதையும் கெஞ்சவில்லை. "கோழிதானே, ஏத்திட்டுப் போடா" என்று டிரைவரைத்தான் திட்டுகிறான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அவ்வளவுதான். கங்கம்மாவும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை.

வார்டு வாசலில் அத்தையிடம் கேட்டேன். "மாமாவுக்கு அப்போ தெலுங்கு தெரியுமா?"

"தெலுங்கா? அந்த ஆளுக்கா? பஸ்ல டிக்கெட் கேக்கவே என்னைத்தாண்டா இட்டுக்கினு போவாரு" என்றாள்.

மாமா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். கூப்பிட்டேன். கண் மட்டும் ஒருமுறை வந்துபோனது. ஸ்டூலில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வேறு வழி தெரியாமல் கட்டிலைச் சுற்றிப் போய், போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, அவர் சொன்ன மாதிரியே தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் தலையைத் தூக்கினார். "வாடு செப்பிந்தி அதி காதய்யா!" அவன் சொன்னது அது இல்லையாம். தியேட்டரின் முன்வரிசையே திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. மாமா அசையவில்லை.

நடுவில் ஆலை மேஸ்திரியின் அழைப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வேன் என்றான். வருகிறேன் என்று வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். மலை தெரிந்தது. மனம் பஸ்ஸில் ஏறிவிட்டது. வாய் பாட்டுக்கு மீதியைச் சொன்னது. "இந்தக் கோழிங்க பெருமாளுக்கு நேர்ந்து உட்டது மாமா, அதான் ஏத்த மாட்றான்."

"பெருமாளுக்குக் கோழியா? கோவிந்தா, கோவிந்தா!" பக்கத்துக் கட்டில்காரர் தமிழிலேயே சொல்லிச் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

என் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. மாமாவின் இடது கை. முகம் ஒருபக்கம் கோணி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண்ணில் அப்படியொரு கோபம். "க்..." என்றார். எச்சில் வழிந்தது. "கங்..." அத்தை டம்ளரோடு அப்படியே நின்றாள். "கங்... ம்மா."

அது பேச்சு இல்லை. சண்டை. தனக்குத் தெரியாத பாஷைப் படத்துக்குத் தானே கட்டிய கதையை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அவரால் பொறுக்க முடியவில்லை.

அத்தை முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "இன்னொரு தபா போடுடா" என்றாள் என்னைப் பார்க்காமலே.

மேஸ்திரி மறுபடி அழைத்தான். போன் மணி படத்தை மறைத்துக்கொண்டு அடித்தது. அழைப்பை வெட்டிவிட்டு, காட்சியை முதலிலிருந்து ஓட விட்டேன். வெள்ளைக் கார் நின்றது. கோழிகள் அசையவில்லை. பின்னால் ரோலர் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. மாமா திரையைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தார்.

"இதுங்க பெருமாளுக்கு நேர்ந்து உட்ட கோழிங்கதானே மாமா?" என்றேன்.

இடது கை மேலே எழும்பியது.