பழகிடும் என்று சொன்ன மாமா

தெற்குக் காற்று அடித்தால் எங்கள் வீட்டுக்குள் அழுகிய முட்டை நாற்றம் வரும். கடலூர் முதுநகரில் நாங்கள் குடியேறிய புதிதில், ரசாயனக் கம்பெனிகள் இருக்கும் பக்கமிருந்து வந்த அந்த நாற்றத்துக்குத் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட மறுத்தபோது, அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே "பழகிடும்டா" என்றார். எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் அந்த ஒரே மருந்துதான். புதுப் பள்ளிக்கூடமா, பழகிடும். குழாயில் உப்புத் தண்ணீரா, பழகிடும். பழக வேண்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. இன்றைக்கும் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறதென்றால், அதற்குக் காரணம் நாற்றமல்ல, ஒரு பூனை.

கடுகு என்று பேர். வெள்ளை உடம்பு, மூக்கின்மேல் மட்டும் ஒரு கரும்புள்ளி. தம்பியின் புத்தகப் பையின் மேல்தான் படுக்கும். காலையில் அவன் பையை இழுத்தால் பையோடு சேர்ந்து தரையில் வழுக்கிக்கொண்டு வருமே தவிர எழுந்திருக்காது. "மவராசி எந்திரிச்சாதான் தொரை ஸ்கூலுக்குப் போவாரு" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே, மீன் ஆயும்போது தலைகளை அதற்கென்று தனியாக எடுத்து வைப்பாள்.

அம்மாவின் தம்பி, சிதம்பரத்து மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயோடு வந்து இறங்கினார். துபாய்க்குப் போன சிநேகிதர் ஒருவர் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன நாய். நன்றாக வளர்ந்த செவலை நாய், பேர் டைகர். நாய்க்குப் பேர் வைப்பதென்றால் மட்டும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இங்கிலீஷ் வந்துவிடும். மாமா வீட்டில் அத்தை அதை வாசற்படி ஏறவிடவில்லை, ஆகவே எங்கள் வீட்டுக்குக் காவல் தேவைப்படுகிறது என்று மாமாவே முடிவு செய்துவிட்டார்.

"வூட்டுல பூனை இருக்குதேடா" என்றாள் அம்மா.

"இருந்தா இன்னாக்கா? ரெண்டையும் ஒண்ணா வுட்டா பழகிடும்" என்ற மாமா, சொன்ன வாய் மூடுவதற்குள் கூடத்தில் வைத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

மூளை இருக்கிறவர் செய்கிற காரியமா அது? புதிதாக வந்த நாயை ஓரிடத்தில் கட்டி, தண்ணீர் வைத்து, வீட்டு வாசனையும் பூனை வாசனையும் அதற்குப் பிடிபடும்வரை நடுவில் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தால் போதும். அந்தப் பொறுமை இல்லை. நாய் துரத்த, கடுகு கட்டிலுக்கடியில் புகுந்து, மேசையில் தாவி, ஜன்னல் கம்பியில் தொங்க, தம்பி ஓடிப்போய் அதை அள்ளி நெஞ்சோடு அணைத்தான். உயிர் பயத்தில் இருக்கிற பூனைக்குத் தூக்கியது யாரென்று தெரியுமா? முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறிவிட்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாமா ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "புள்ளையப் பொறாண்டின பூனை வூட்டுக்கு ஆவாது" என்றார் அப்பா. சங்கிலியை அவிழ்த்த கையைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. அந்தக் கை காபி டம்ளரைப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பூனையைத் தொலைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விடவேண்டும். தண்ணீரைக் கடந்துவிட்டால் பூனைக்கு வழி மறந்துபோகும் என்பார்கள். தூரம் கணக்கில்லை, ஆறுதான் கணக்கு. சிதம்பரம் திரும்பும் வழியில் மாமா வெள்ளாற்றைத் தாண்டியாக வேண்டும் என்பதால் வேலை அவரிடமே போனது. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் சாக்கு அசைந்துகொண்டிருக்க, தம்பி கட்டுப்போட்ட கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மாதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அழுவாதடா. கிள்ளைல கொண்டுபோய் வுடறேன். அங்க மீனு ஜாஸ்தி. நம்மள விட ராணியாட்டம் இருக்கும்" என்றார் மாமா.

சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிற கிள்ளை என்ற ஊர்ப் பேரைத் தம்பி பிடித்துக்கொண்டான். காலாண்டு லீவில் மாமா வீட்டுக்குப் போனபோது, அத்தையை நச்சரித்துப் பஸ்ஸில் கிள்ளைக்குக் கூட்டிப்போக வைத்தான். மீன் விற்கிற இடத்தில், உலர்த்திய வலைகளுக்கிடையே, "கடுகு, கடுகு" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தான். வேறு பூனைகள்தான் வந்தன. மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "கடுகு வாங்க கடைக்குல்ல போவணும் கண்ணு?" என்று கேலி செய்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எங்களோடு சேர்ந்து தேடினார். முன்பின் தெரியாத அவருக்கு இருந்த ஈரம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இல்லையே என்று எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

டைகரைச் சொல்லிக் குற்றமில்லை. கொல்லையில் கட்டி வைத்துச் சோறு போட்டதில் கொஞ்ச நாளிலேயே சாந்தமாகிவிட்டது. அடுத்த வீட்டுக் கிழட்டுப் பூனை வந்து அதன் தட்டிலேயே வாய் வைக்கும். இது தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அடுத்த முறை வந்த மாமா இதைக் கண்டு தொடையைத் தட்டி, "பாத்தியாக்கா? பழகிடும்னு அன்னைக்கே சொன்னேன்ல!" என்றார். தம்பி சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதோடு போயிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். தம்பியின் கல்யாணப் பந்தியில் மாமா இந்தப் பூனைக் கதையை வேடிக்கையாக எடுத்துவிட்டார். "கிள்ளைக்கு யாரு போனது? பாலத்தத் தாண்டினதும் முள்ளுக்காட்டாண்ட அவுத்து வுட்டுட்டேன். ஆறு தாண்டிச்சுல்ல, போதாதா?" பந்தியே சிரித்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தம்பி சிரிக்கவில்லை. நாங்கள் தேடியது தப்பான ஊரில். அந்தப் பாலத்தைத் தாண்டித்தான், அந்த முள்ளுக்காட்டை ஒட்டித்தான், ஜன்னலோரம் உட்கார்ந்து நாங்கள் அந்த லீவில் மாமா வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறோம்.

இப்போது நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். போன மாதம் என் மகள் தெருவில் கிடந்த நாய் ஒன்றைத் தூக்கி வந்தாள்; வீட்டில் ஏற்கெனவே பூனை. நாயைப் பின்னறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். நாய் படுத்த துணியைப் பூனைக்கும், பூனை படுத்ததை நாய்க்கும் மாற்றிப் போட்டு வந்தோம். வயதாகிவிட்ட மாமா, இன்னும் என்னைப் பாப்பா என்றே கூப்பிடுகிறவர், ஒருநாள் வந்தார். "இன்னாத்துக்கு பாப்பா இவ்ளோ கெடுபிடி? தொறந்து வுடு, பழகிடும்" என்று தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"கைய எடுங்க மாமா" என்றேன். நான் போட்ட சத்தத்தில் கதவுக்குப் பின்னால் நாய்கூட அடங்கிவிட்டது. அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டாம்.

வெள்ளாற்றங்கரையில் இப்போது அகலமான புதுச் சாலை. முள்ளுக்காடு இருந்த இடமே தெரியவில்லை. கடலூரிலிருந்து என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் தம்பி பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவானாம். எதற்கென்று அவன் மனைவிக்குத் தெரியவில்லை, என்னிடம் கேட்டாள். அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் பழகவில்லை.