பெரிய குதிரையின் சேணம்

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் ஊரில் இருந்தது முப்பத்தெட்டு நாள். அதில் கடைசிப் பதினோரு நாளை ஒரு குதிரை எடுத்துக்கொண்டது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது என்றே பிடிபடாத காலம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. காரைக்காலில் என் புகுந்த வீட்டைத் தெருக்காரர்கள் சொல்தா வீடு என்பார்கள். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷன் வாங்கி, காலமானவர். மகனும் அதே பட்டாளத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் குதிரை லாயத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்த போட்டோவில் அவர் ஒரு குதிரையின் பக்கத்தில் நின்றார். குதிரையின் முதுகு அவர் தலைக்கு மேலே இருந்தது. சுரக்குடியில் வயலும் மாடுமாக வளர்ந்த எனக்கு, மாப்பிள்ளையைவிடக் குதிரைதான் முதலில் கண்ணில் பட்டது.

லீவு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது அவர் ஒரு ஜட்கா குதிரையை வாங்கிக்கொண்டு வந்தார். டவுன் பஸ் வந்தபின் ஜட்காவில் ஏற ஆள் குறைந்து, வண்டிக்காரர் ஒருவர் தொழிலை விட்டுவிட்டார். அவருடைய குதிரைதான் அது. செவலை நிறம், குட்டையான உடம்பு, எதற்கும் ஆச்சரியப்படாத முகம். கூடவே, பிரான்சிலிருந்து மரப்பெட்டியில் கொண்டுவந்திருந்த சேணத்தையும் அன்றுதான் வெளியே எடுத்தார். கருந்தோல் சேணம், பித்தளை வளையங்கள், கால் வைக்க இரண்டு இரும்பு வளையம். அதற்கு எண்ணெய் தடவும்போது அவர் முகத்தில் இருந்த கனிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த லீவில் அந்தக் குதிரையில் ஏறிக் கடற்கரை வரை போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அது வண்டி இழுத்த குதிரை, முதுகில் எதையும் சுமந்ததில்லை. தினமும் சேணத்தைப் பூட்டி அரைமணி நேரம் கொல்லையில் நடத்தினால்தான் முதுகு பழகும். அதை யார் செய்வது? மாமியாருக்குக் குதிரை என்றால் பயம். மிச்சம் நான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதிக் கொடுத்தார். முதலில் பிரஷ். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்புக்குள் இருக்கும் மண்ணை வளைந்த கம்பியால் எடுப்பது. பிறகு கம்பளி. அதன்மேல் சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, மயிர் படியும் பக்கமாகப் பின்னால் இழுப்பது. பிறகு வயிற்றுக்கு அடியில் வரும் வார்ப்பட்டை. அதற்கு அவர் ‘சாங்ல்’ என்று பிரெஞ்சில்தான் எழுதியிருந்தார். பூட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றும், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தது.

கிளம்பும் அன்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “குதிரைய நல்லாப் பாத்துக்க. அடுத்த லீவுல ஒன் பேப்பர் வேலையப் பாக்குறேன்.”

பேப்பர் என்றால் நான் பிரான்சுக்குப் போவதற்கான காகிதங்கள். அந்தத் தெருவில் கல்யாணமாகி வந்த பெண்கள் எல்லாரும் பேசியது அந்தப் பேப்பரைப் பற்றித்தான். இருவர் போயே விட்டார்கள். அவர் சொன்னது இரண்டு தனித்தனி வாக்கியம். நான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். குதிரை நன்றாக இருந்தால் பேப்பர் வரும். குதிரைக்கு ஏதாவது ஆனால் காலத்துக்கும் இந்தக் கொல்லைதான். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடுதான் ஒன்றரை வருஷம் எழுந்தேன், படுத்தேன்.

முதல் வாரமே நான் கலங்கிப்போனேன். குதிரை கொள்ளு தின்றது, புல் தின்றது, தண்ணீர் குடித்தது. அசை போடவில்லை. எங்கள் வீட்டில் மாடு அசை போடாவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. நான் காலையிலிருந்து மத்தியானம் வரை குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என்னைப் பார்த்தது. பயந்துபோய், தலைகூட வாராமல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். மாடு அசை போடும், குதிரை போடாது, பிறந்ததிலிருந்தே போடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பக்கத்தில் கன்றுக்குட்டியோடு நின்ற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நோட்டில் இதை ஏன் எழுதவில்லை என்று எனக்குக் கணவர்மேல் கோபம் வந்தது. அவருக்கு மாட்டைப் பற்றித் தெரியாது, எனக்குக் குதிரையைப் பற்றித் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

சேணம் பூட்டுவது அதைவிடக் குழப்பமாக இருந்தது. நோட்டை முந்தானையில் செருகிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று செய்வேன். கடைசிப் பக்கிளை மாட்டியதும் குதிரை பின்னால் நகரும். மூன்றடி, நான்கடி, கொல்லைச் சுவர் இடிக்கும் வரை பின்னாலேயே போகும். அங்கே நின்று, தலையைத் தொங்கப் போட்டுக் காத்திருக்கும். பயமா, முரண்டா? நோட்டில் முன்னால் நடத்துவது எப்படி என்று இருந்தது. பின்னால் போனால் என்ன செய்வது என்று இல்லை. மாமியார் பின்கட்டு வாசலில் நின்று, “குதிர மேய்க்கவா பொண்ணு எடுத்தோம்?” என்பார். எனக்குப் பரிந்து சொல்கிறாரா, மட்டம் தட்டுகிறாரா என்று அதுவும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தொல்லை, சேணம் நழுவியது. எவ்வளவு இறுக்கினாலும் நாலு சுற்று நடந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவருக்குக் கடிதம் எழுதினேன். நீல நிற விமானக் கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள், பதில் வரப் பன்னிரண்டு நாள். நடுவில் அவர் யோசிக்க எத்தனை நாளோ. நான் இங்கே வேறொரு கஷ்டத்தில் இருக்கும்போது பழைய கஷ்டத்துக்குப் பதில் வந்து சேரும்.

அப்படித்தான் ஆனது. ஒரு நாள் சேணத்தைக் கழற்றும்போது குதிரையின் தோளுக்கும் முதுகுக்கும் நடுவில் உள்ள மேட்டில் மயிர் தேய்ந்து சிவந்திருந்தது. கை வைத்தால் தோல் துடித்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். இரண்டு நாள் சேணம் பூட்டாமல் விட்டேன். மூன்றாம் நாள் அவர் கடிதம் வந்தது. சேணம் நழுவினால் வார் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் இரண்டு ஓட்டை இறுக்கு, ஒரு நாளும் விடாதே என்று எழுதியிருந்தார்.

நான் இறுக்கினேன். முழங்காலைக் கொடுத்து இழுத்து இரண்டு ஓட்டை இறுக்கினேன். புண் என் கண்ணெதிரே இருந்தது. கடிதமும் கண்ணெதிரே இருந்தது. கடிதத்தை நம்பினேன். ஆறு நாள் அப்படிச் செய்தேன். ஏழாம் நாள் கம்பளியில் ரத்தம் ஒட்டியிருந்தது. அந்த ஆறு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாயில்லாத ஜீவன், கடிக்கவில்லை, உதைக்கவில்லை. பூட்டியதும் பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்றது, அவ்வளவுதான்.

பழைய வண்டிக்காரர் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கொல்லைக்குள் வரத் தயங்கினார். குதிரை அவரைப் பார்த்ததும் காதை நிமிர்த்தியது. அவர் அதன் பக்கம் பார்க்காமல் என்னிடமே பேசினார். சேணம் பூட்டுவதெல்லாம் தனக்குத் தெரியாது, வண்டியில் பூட்டத்தான் தெரியும் என்றார். எப்படிச் செய்கிறேன் என்று பாருங்கள் என்று, புண்மேல் படாமல் சேணத்தைச் சும்மா தூக்கி வைத்துக் காட்டினேன். குதிரை வழக்கம்போலப் பின்னால் நகர ஆரம்பித்தது.

“இப்படித்தாங்க தெனமும் பண்ணுது. முரண்டு புடிக்குது” என்றேன்.

அவர் அப்போதுதான் குதிரையை நேராகப் பார்த்தார். பிறகு, “முரண்டு இல்ல தங்கச்சி, அது வண்டியத் தேடுது” என்றார்.

முதுகில் தோல்பட்டை விழுந்தால் பின்னால் நகர்ந்து வண்டியின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரிந்த வேலை. சொன்ன வேலையைத்தான் அது அத்தனை நாளும் சரியாகச் செய்துகொண்டிருந்தது. இல்லாத வண்டிக்காகச் சுவரோரம் நின்று காத்திருந்தது.

அதன்பிறகு அவர் சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். கை உள்ளே போகவில்லை. இது பெரிய குதிரைக்குச் செய்த சேணம், அகலமான முதுகுக்கு ஆனது, இந்தக் குட்டைக் குதிரையின் எலும்பின்மேல் நேராக உட்காருகிறது, எத்தனை இறுக்கினாலும் நழுவத்தான் செய்யும், இறுக்க இறுக்கப் புண் ஆழமாகும் என்றார். போகும்போது குதிரையின் கழுத்தில் ஒருமுறை கை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். என் கணவரின் தலைக்கு மேலே முதுகு. எங்கள் குதிரையின் முதுகு என் தோளுக்குக் கீழே. இதைப் பார்க்க லாயத்தில் வேலை செய்திருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். ஆனால் லாயத்தில் வேலை செய்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது? அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றோடு சேணத்தை நிறுத்தினேன். அதை அவருக்கு எழுதவில்லை. எழுதினால் குதிரையைக் கெடுத்துவிட்டேன் என்பார், பேப்பர் போய்விடும் என்று பயம். தினமும் பூட்டுகிறேன், தினமும் நடத்துகிறேன் என்று எழுதினேன். அதில் நடத்துவது மட்டும் உண்மை. வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் சுற்றுவோம். முதுகில் ஒன்றும் இல்லாததால் அது பின்னால் போகவில்லை. குளம்பைத் தட்டினால் காலைத் தானே தூக்கிக் கொடுத்தது. ஆணி கழன்ற லாடத்தை நடைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்குத் தேர்ச்சி வந்தது. புண் ஆற நாலு மாதம் ஆனது. ஆறிய இடத்தில் செவலை மயிர் வரவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக முளைத்தது. மருதாணி அரைத்துப் பூசி மறைக்கப் பார்த்தேன். அது ஆரஞ்சாக மாறி இன்னும் பளிச்சென்று தெரிந்ததுதான் மிச்சம்.

ஒன்றரை வருஷம் கழித்து லீவில் வந்தார். காப்பி குடித்த கையோடு கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். நேராக வெள்ளை மயிரில் கை வைத்தார்.

திட்டுவார் என்று நினைத்து நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புண், ரத்தம், பொய்க் கடிதங்கள், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது.

“நெசமாவே தெனம் பூட்டுனியா?” என்று கேட்டார். “இந்தச் சேணம் இதுக்குப் பொருந்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ ரெண்டு நாள் பண்ணிட்டு விட்டுடுவன்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சா ஏன் சொன்னீங்க?”

“சும்மா இருந்தா மனசு அலையும். பேப்பர் என்னாச்சு, எப்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு எழுதிக்கிட்டே இருப்ப. கைக்கு ஒரு வேல இருக்கட்டும்னுதான்.”

கெட்ட எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுத்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். நான் குதிரையைப் பார்த்தேன். எனக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக அதன் முதுகு கிழிந்திருக்கிறது. ஒன்றரை வருஷமாக நான் எழுதிக்கொண்டிருந்த பரீட்சையைத் திருத்த அங்கே யாருமே இல்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எனக்குப் பேச்சும் வந்தது.

“என் பேப்பர் வேலைய இந்த லீவுலயே ஆரம்பிங்க. இல்லன்னா போறப்ப இந்தச் சேணத்த எடுத்துட்டுப் போயிடுங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கணும்.”

அவர் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டு நின்றார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். நல்லவிதமாக யோசிக்கிறார் என்றே நினைத்தேன். லீவு முழுக்க அன்பாக இருந்தார். கடற்கரைக்கு இருவரும் நடந்தே போய் வந்தோம். பேப்பரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருமுறை சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன்.

கிளம்பும் அன்று காலையில் அவருடைய மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில், பழைய கைலியில் சுற்றி, சேணம் இருந்தது. வாசலில் கார் வந்து நின்றது. பெட்டி கனமாக இருந்ததால் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன்.