பவளக்காவின் பூசணிப் பணிஸ்

பவளக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் கையெல்லாம் பூசணிக்காய். சுவிஸின் ஓல்டனில் நாங்கள் ஒன்றாக வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையில், காலைச் சாப்பாட்டுக்குச் சுடும் மெத்தென்ற பணிசுக்குப் பூசணியை அவித்து மசித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகன், "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. அப்படியே நின்று அழுதேன்.

அந்தப் பணிஸ் பவளக்காவின் கண்டுபிடிப்பு. இலை கொட்டத் தொடங்கினால் எங்கள் சமையலறையில் பூசணிக்காய் குவிந்துவிடும். சூப்பாகவே குடித்துக் குடித்து முதியவர்களுக்கு அலுத்துப்போகும். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம் வேறு. அக்கா சீனியை நிறுத்தினார். தவிடு நீக்காத மா, ஓட்ஸ், இனிப்புக்கு ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம், வாசத்துக்குக் கறுவாப்பட்டையும் ஏலமும் கராம்பும் இடித்த தூள். "பல்லில்லாத ஆக்களும் சாப்பிட வேணும், சீனியும் ஏறக்கூடாது. வேறை என்ன?" என்பார்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய குணமும் தெரியும். தன்னில் பிழை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருமுறை ஷ்லீரனில் இருக்கும் என் வீட்டுக்கு வரப் புறப்பட்டு, எதிர்ப்பக்க ரயிலில் ஏறிப் பேர்ன் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "ரயில்தான் பிழையான இடத்திலை நிண்டது" என்று கடைசி வரை சாதித்தார். அப்படிப்பட்ட மனிசி எனக்காகச் செய்த ஒன்றைச் சொல்லத்தான் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்த வேலை உறுதியானால்தான் வவுனியாவில் விட்டுவந்த மகளை இங்கே கூப்பிடலாம். அன்று அக்கா மேல்மாடிக்குத் தேநீர் கொண்டுபோன நேரம், பணிசை நானே குழைத்தேன். வெறுங் கோப்பிப் போத்தலை எங்கள் ஆட்கள் எறிவார்களா? ஒன்றில் கறுவாத் தூள். அதே மாதிரி இன்னொன்றில், எங்கள் மத்தியானச் சோற்றுக்கென்று அக்கா வீட்டில் வறுத்துத் திரித்துக் கொண்டுவந்த கறித்தூள். நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. எனக்கோ கடுந் தடிமன், மூக்கடைத்து ஒரு மணமும் தெரியவில்லை. கறித்தூளில் நான்கு கரண்டி அள்ளிப் போட்டேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே இருமல். ஒரு அம்மையார் கண்ணீர் வழிய நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஐயா மட்டும் இரண்டாவது பணிஸ் கேட்டாராம். பொறுப்பாளர் முகம் சிவக்க உள்ளே வந்து, "யார் செய்தது?" என்று கேட்டார். திரும்பி வந்திருந்த அக்கா என் முன்னால் திறந்திருந்த கறித்தூள் போத்தலைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் பவளக்கா.

உடுப்பு மாற்றும் அறையில் விக்கி விக்கி அழுதேன். "ஏனக்கா அப்பிடிச் சொன்னியள்?"

"இருபது வரியமா இஞ்சை நிக்கிறன். ஒரு பிழைக்கு என்னைக் கலைக்கமாட்டினம். உம்மைக் கலைப்பினம். முதலிலை உம்மடை பிள்ளை வந்து சேரட்டும். மூக்கைத் துடையும்."

கதை நம் ஆட்கள் கூடும் திரிம்பாக் கோயில் வரைக்கும் போய்விட்டது. "அக்கா, பொங்கலுக்கும் தூளோ?" என்று நீங்களெல்லாம் எத்தனை தரம் பகிடி பண்ணினீர்கள்! "ஓம், உமக்கு மட்டும் ரெண்டு கரண்டி" என்பார். நான் பக்கத்தில் குனிந்த தலையோடு நிற்பேன். மகள் வந்து சேர்ந்த கிழமை, "இனி உண்மையைச் சொல்லட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"பேசாமல் இரும். இப்ப சொன்னா, நல்ல மனிசி நல்ல மனிசி எண்டு என்னைச் சாக்கொல்லுவினம். நான் செத்தாப் பிறகு சொல்லும்."

அந்த இரண்டு போத்தல்களும் என்னிடம்தான் இருக்கின்றன. மறுநாளே அக்கா 'கறுவா', 'கறித்தூள்' என்று எழுதி ஒட்டியவை. மகள் இங்கேயே படித்து இப்போது தாதியாக வேலை செய்கிறாள். அவள் என் வீட்டில் தூங்கி எழும்பிய ஒவ்வொரு நாளுக்கும் நான் பவளக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு எல்லோருக்கும் பூசணிப் பணிஸ் செய்து கொண்டுவருகிறேன், அக்காவின் அதே அளவில். சாப்பிடும்போது யாரும் அந்தப் பழைய பகிடியை எடுக்க வேண்டாம். ரயில் விஷயத்தில் எப்படியோ, தூள் விஷயத்தில் பவளக்கா பிழையே விடவில்லை. அன்று போட்டது நான்.