பெருங்குடலோடு ஒரு பிழைப்பு

மற்ற டாக்டர்களிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் நோயைச் சொல்வார்கள். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

போடிநாயக்கனூரில் நான் குடல் மருத்துவர். அதிலும் குடல் அழற்சி நோய் என்ற ஒன்றை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறவள். குடலின் உள்பக்கம் தானாகவே புண்ணாகும். ரத்தமும் சளியுமாகப் போகும். வயிறு 'இப்பவே' என்றால் இப்பவேதான். அதற்குத் தவணை கிடையாது. நோயை அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது. கீழே விவசாயம் பார்க்கிறவர்களுக்கும் மலை மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இது ஒரே மாதிரிதான் வருகிறதா என்பது என் கேள்வி. வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நோய் பதில் சொன்னபாடில்லை. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வேலையோ வயிறோ வாய்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம கட்சிதான். கேளுங்கள்.

அண்ணனும் தம்பியும்

ராசிங்காபுரத்து விவசாயி ஒருவருக்கு இந்த நோய். ஆராய்ச்சிக்கு அவருடைய மலம் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பத்தில் நோயில்லாத ஒருவருடையதும் வேண்டும். அவருடைய அண்ணனை வரச் சொன்னேன். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியாது. "சீக்காளி அவன். எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக?" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் என்ன நினைத்தாரோ, மலம் அடைத்த டப்பாவைத் துணியில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சில வாரம் கழித்து மறுபடி வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். இது ஆராய்ச்சிதான், ரிசல்ட் என்று கையில் கொடுக்க ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதெல்லாம் கெடக்கட்டும் டாக்டரம்மா. தம்பியோடத விட என்னுது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிருங்க, போதும்."

விளக்கம்

நோய் என்னவென்று புரியவைக்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஒருநாள் புதிதாக வந்த கணவன் மனைவிக்குப் படம் வரைந்தே சொன்னேன். உடம்புக்குக் காவல்காரர்கள் உண்டு. வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டியவர்கள், ஏதோ குழப்பத்தில் சொந்தக் குடலையே அடிக்கிறார்கள். அந்தக் காவலைக் கொஞ்சம் அமர்த்தத்தான் இந்த மாத்திரை. நின்றுவிட்டது என்று பாதியில் விட்டால் திரும்ப வரும். தொண்டை வறண்டுபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிக்குத் தெளிவாகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப சூடுதான்னு சொல்றீக."

சென்னையில்

மருத்துவர்கள் மாநாட்டில் என் ஆராய்ச்சியைப் பேச ஒருமுறை இடம் கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். பாதிப்பேர் ஏற்கெனவே சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். மலைச்சரிவில் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு தாமதமாக மருத்துவரிடம் வருகிறார்கள், வரும்போது எவ்வளவு ரத்தம் இழந்திருக்கிறார்கள் என்று மிச்சம் இருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது, மேடையில் தலைமை வகித்த பெரியவர் என் பக்கம் வந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று குறிப்புகளை மறுபடி விரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போடியா மேடம்? அடுத்த தடவை வரும்போது நல்ல ஏலக்காயா கொஞ்சம் கொண்டு வாங்க."

மாரியின் எடை

மாரி சிலமலை கிராமத்துக்காரி. காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டிப் போய் ஏலக்காய் பறித்துவிட்டுப் பொழுதுசாயத் திரும்புகிறவள். மருந்து அவளுக்கு நன்றாகக் கேட்டது. குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் எடை குறைந்திருந்தது. காசநோயா, வேறு ஏதாவதா என்று எல்லாச் சோதனையும் செய்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

கடைசியில், என்னதான் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். ராத்திரி மட்டும் என்றாள். பகலில்? தலையைக் குனிந்துகொண்டாள். ஜீப்பில் ஆட்களை நெருக்கி ஏற்றியிருப்பார்கள், வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும், நிறுத்தச் சொன்னால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். டிரைவரிடம் மட்டும் சொல்லேன் என்றேன். "சொன்னா நாளைக்கு என்னை ஏத்த மாட்டாக டாக்டரம்மா. வயித்துல ஒண்ணுமே இல்லேன்னா ஒரு தொந்தரவும் இல்ல, நான் நிம்மதியாப் போயிட்டு வந்துருவேன்."

மேலே

ஆராய்ச்சிக்காக அப்படியொரு தோட்டத்துக்குப் போனேன். ஏலச்செடிகளுக்கு நடுவே பெண்கள் குத்தவைத்துக் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தேடியும் கழிப்பறை என்று ஒன்று கண்ணில் படவில்லை. மாரி பெயரைச் சொல்லாமல், மேற்பார்வையாளரிடம் பொதுவாகப் பேசினேன். மலையாளம் கலந்த தமிழில் மரியாதையாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். பெண்கள் அவசரத்துக்கு எங்கே போவார்கள் என்று கேட்டதும் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். கையை நீட்டி மலையையே காட்டினார்: "இத்தனை ஏக்கர் காடு உண்டல்லோ மேடம், பின்னே கக்கூசு எந்தினா?"

பெண்கள் வார்டில்

பட்டினி கிடந்த வயிற்றில் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாரி அதையும் நிறுத்திவிட்டாள். மழைக்காலத்தில் அவளை அவள் கணவன் தங்கராசு தூக்கிக்கொண்டு வந்தான். ரத்தம் நிற்கவில்லை. நரம்பில் ஏற்றிய மருந்து கேட்கவில்லை. அதைவிடப் பலமான ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு, மதுரையில் அறுவை நிபுணருக்கும் சொல்லி வைத்தேன். ஊசி கேட்கவில்லையென்றால் பெருங்குடலை எடுத்துவிட வேண்டும்.

இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். குடலை எடுத்தபின் வயிற்றின் மேல் ஒரு பை வைப்பார்கள், மலம் தானாக அதில் வந்து சேரும், அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்றேன். தங்கராசு வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். மாரி அழுவாள் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஏதோ நல்ல சேதி கேட்டவள் மாதிரி என் பக்கம் திரும்பினாள். "பையி வச்சுட்டா ஜீப்ப நிறுத்தச் சொல்ல வேணாம்ல, டாக்டரம்மா?"

நான் அடுத்த நோயாளியின் கட்டிலுக்குப் போய், அவருடைய நாடியைத் தேவைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வளைவில்

ஊசி கேட்டது. ரத்தம் குறைந்து, பிறகு நின்றது. குடல் தப்பியது. மதுரைக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொன்ன அன்று நான் நன்றாகத் தூங்கினேன். மாரி வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மறுபடி மலைக்குப் போக ஆரம்பித்தாள்.

அடுத்த முறை வந்தபோது எடை ஏறியிருந்தது. எந்திரம் சரியில்லையோ என்று இறங்கி ஏறச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. பகலில் சாப்பிடுகிறாயா என்றேன். சாப்பிடுகிறாளாம். "குடலயே வெட்ட வந்தாச்சு, இனி என்ன வெக்கம்னு டிரைவர் அண்ணன்கிட்ட வாயத் தொறந்து கேட்டுட்டேன்" என்றாள். அவர் என்ன செய்தார்? போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், ஓரமாக மறைவு இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாராம்.

மற்ற பெண்கள் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். மாரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "நான் ஒருத்திதான் எறங்குனேன்னு நெனச்சேன் டாக்டரம்மா. திரும்பிப் பாக்குறேன், ஜீப்பே காலி. அம்புட்டுப் பேரும் அடக்கிக்கிட்டுத்தான் இத்தன வருசமா வந்துருக்காளுக."

என் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு முடிவுரை மட்டும் பாக்கியிருக்கிறது. 'வழியில் வண்டியை நிறுத்தவும்' என்று முடிகிற கட்டுரையை எந்த மருத்துவப் பத்திரிகை போடும் என்றுதான் தெரியவில்லை.