மருமகனின் காலுக்கு ஒரு சோடி

திருகோணமலை லிங்கநகர் வெயிலில் கம்பளிச் சொக்ஸ் பின்னுகிறவர் யாரென்று தேடினால் கனகசுந்தரம் ஒருவர்தான் அகப்படுவார். அவர் காலில் இருப்பதோ எப்போதும் பாட்டாச் செருப்பு.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். விரல்கள் விறைக்கின்றன என்று போனபோது, விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்குத்தர். மனைவி பூரணி தேங்காய் துருவுவதை நினைத்தாள். கனகசுந்தரம் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரி பின்னுவதைப் பார்த்துவிட்டு ஊசி வாங்கப் போனார்.

நேராகப் பின்னுவது சுகம். குதிக்கால் வளைவில்தான் வில்லங்கம். கப்பல் பெட்டிகளை இம்மி பிசகாமல் இறக்கிய அதே கை, ஒரு கண்ணி நழுவியதும் முழுவதையும் பிரித்துப் போடும். "விசர் வேலை!" என்று மூலையில் எறிவார். தேத்தண்ணி குடித்ததும் போய்ப் பொறுக்குவார். குதிக்கால் ஒழுங்காகத் திரும்பிய நாளில் மட்டும் பூரணியின் கறியைப் புகழ்வார்.

பின்னியதையெல்லாம் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தபடி வாங்கினார்கள், ஒருவரும் போடவில்லை. பழைய கூட்டாளி ஹிஸ்புல்லாவின் வான் வண்டியில் ஏறியபோது, கியர்த் தடியின் தலையில் தன் சொக்ஸ் ஒன்று மாட்டியிருக்கக் கண்டார்.

"மற்றது எங்க?"

"கோவிக்காத மச்சான். அதுக்குள்ள என்ர மூக்குக்கண்ணாடி கிடக்கு. ஒரு சோடியை ரெண்டு விதமாப் பாவிக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

அன்றிலிருந்து கனகசுந்தரத்துக்கு ஒரே ஆசை: தான் பின்னியதை ஒரு மனிதக் காலில் பார்த்துவிட வேண்டும். அவர் அறிந்தவரையில் குளிரும் கால் மருமகன் கிரிசாந்துடையதுதான், அவன் நோர்வேயில். மகள் சுதர்சிகா அங்கிருந்தே நல்ல ஆட்டுக் கம்பளி நூல் அனுப்பினாள். நோர்வே நூல் திருகோணமலைக்கு வந்து, திரும்ப நோர்வேக்கே போவதில் கனகசுந்தரம் ஒரு முரணையும் காணவில்லை. பூரணி கண்டாள்.

நோர்வேக்குப் பறக்கவிருந்த பக்கத்துவீட்டுத் தயாளினி, "ஒரு சின்னப் பார்சல்தான் ஏலும், மாமா" என்றாள். பூரணி ஏற்கெனவே கருவாடு கட்டி வைத்திருந்தாள்.

"சொக்ஸ் அங்க கடை வழிய கிடக்கும்."

"கருவாடும் கிடக்கும்!"

"நிலாவெளிக் கருவாடு கிடக்குமோ?"

ஆனாலும் பார்சலில் இரண்டும் போகும் என்று பூரணியே இறங்கிவந்தாள். அத்தனை பெருந்தன்மையை அவர் சந்தேகித்திருக்க வேண்டும்.

போன பார்சல் கிடைத்த பிறகு சுதர்சிகா வீடியோவில் வந்தாள். முகம் சரியில்லை.

"அப்பா, அம்மா கருவாட்டைச் சொக்ஸுக்குள்ளயே அடைச்சு அனுப்பியிருக்கிறா."

கனகசுந்தரம் திரும்பினார். பூரணிக்குத் திடீரென்று குசினியில் வேலை வந்திருந்தது.

"மணம் போகட்டுமெண்டு சுடுதண்ணியில மெசினுக்குப் போட்டன். சுருங்கிப் போச்சு."

"எவ்வளவு?"

அவள் கைபேசியைத் திருப்பினாள். பலகைத் தரையில் மூன்று வயதுப் பேத்தி சறுக்கிக்கொண்டு ஓடினாள், காலில் அந்தச் சோடி. பின்னால் வெறுங்காலோடு கிரிசாந்.

"கழட்டினால் கத்துறாள் அப்பா. படுக்கேக்கையும் போட்டபடிதான்."

கனகசுந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "காலைப் பிடி பிள்ளை. குதிக்காலைக் காட்டு."

குதிக்கால் அச்சொட்டாக உட்கார்ந்திருந்தது.

அவர் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்: "பூரணி, இண்டைக்குக் கறி திறம்."

"இன்னும் அடுப்பே மூட்டேல்ல" என்றாள் அவள்.