தனகோடி கட்டிய வெயில் சுவர்

என் தங்கை மலர்கொடி பதினெட்டு வருஷம் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவள். அதில் அவளுக்கு மிஞ்சியது மூச்சிரைப்புதான். மார்கழிப் பனி இறங்கினால் இழுக்கத் தொடங்கிவிடும். அறைக்குள் கரி மூட்டிச் சூடேற்றலாம் என்றால் புகை ஆகாது.

அவள் புருஷன் தனகோடி ஆரோவில்லில் கொத்தனார். நல்லவன்தான், ஆனால் யார் பேச்சையும் காதில் வாங்காத பிடிவாதக்காரன். அங்கே ஒரு வீட்டில் கற்றுக்கொண்டதை வைத்து, இவளுக்காக ஆடி மாசமே தெற்குப் பக்கம் ஒன்றரை அடிக் கனத்தில் மண்சுவர் எழுப்பினான். வெளிப்பக்கம் கறுப்புப் பூசி, நாலு விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தினான். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். பகலெல்லாம் சுவர் அந்தச் சூட்டை வைத்திருந்து, பொழுது போனபின் உள்ளே விடும். எல்லாம் சரி, மண்ணில்தான் கோட்டை விட்டான்.

செம்மண்ணுக்கு இரும்பை கிராமம் வரை போகாமல், உப்பளத்து வரப்பு மண்ணையே அள்ளி வந்தான். நாங்கள் பாத்தி மிதித்து வளர்ந்த ஜனங்கள். மிதித்தால் அந்த மண் கல்லாக இறுகும் என்று எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு நம்பிக்கை.

"அது உப்பு மண்ணாச்சே, ஈரம் இழுக்குமே" என்றாள் மலர்கொடி.

"நீ உப்பு வாரத்தான் பாத்திருக்க. செவுத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தான்.

மார்கழி பாதியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் மாற்றுப்புடவை எடுக்க நானும் அவனும் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தால் சுவர் முழுக்க வேர்த்து, அடியில் தண்ணீர் நின்றது. அவன் முகம் செத்துப்போனது. அதுவரை அந்தச் சுவரில் ஒரு சொட்டு ஈரத்தை அவன் பார்த்ததில்லை.

திரும்பி வந்து அவளிடம் கேட்டான். மாஸ்க்கை விலக்கி, "மார்கழி பொறந்ததுலருந்தே அப்படித்தாங்க. நீங்க எழுந்துக்கறதுக்குள்ள தொடச்சிடுவேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டி, மூச்சு முட்டிக்கினு செய்யிற வேலையா அது? சொல்லித் தொலைச்சா இன்னா?"

"சொன்னா இடிச்சிடுவாருக்கா. எனக்காகன்னு அவரு கட்டுனது அது ஒண்ணுதான்."

ஈரமில்லாத வீடாக இருந்தால்தான் அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனகோடி அன்றைக்கே கடப்பாரையோடு சுவர் முன்னால் போய் நின்றான். ஓங்குவான், இறக்கிவிடுவான். பிறகு உட்கார்ந்து அழுதான். கடப்பாரையை அவன் கையிலிருந்து வாங்கி நான்தான் இடித்தேன்.