பதினோரு கரண்டியும் ஒரு ஸ்டூலும்

பதினெட்டு வருஷத்தில் இருநூற்றுப் பத்து சமையலறைகளைச் சீரமைத்துக் கொடுத்திருக்கிறாள் அக்கா. எல்லாம் பழைய வீடுகள். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய அளவு. சுவரை இடித்துப் பெரிதாக்கும் வேலை அவளுக்கு ஆகாது. இருக்கிற இடத்துக்குள்ளேயே அரையடி தேடிக் கொடுத்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பெயரே அரையடி அக்கா.

இருநூற்றுப் பதினோராவது, ஒரு டீச்சரம்மாவின் சமையலறை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆட்டிப் படைத்தவரை, ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் ஆட்டிப் படைத்தது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அடுப்புப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் பிழைத்தார். ஸ்டூலுக்கு அரையடி குறைந்தது. அந்த அரையடியையும் இன்னொரு அடியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு நின்றது சுவரோரத்து அலமாரி.

"அலமாரியைத் தொட்டே, நடக்கிறதே வேற. அதுல இருக்கிறது எல்லாமே தேவைப்படுது" என்றார் டீச்சர்.

அக்கா திறந்து பார்த்தாள். கரண்டி மட்டுமே பதினொன்று.

"சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்பாங்க. இங்க சட்டியை விட அகப்பைதானே டீச்சர் ஜாஸ்தி?"

அக்கா எதையும் தூக்கிப் போடச் சொல்வதில்லை. அறுபத்து நாலு சாமானையும் ஹாலில் பரப்பினாள். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் ஒரு புள்ளி. "ஏழு நாள் டைம். சமைச்சுக் கழுவினா புள்ளி அழிஞ்சிடும். அழிஞ்சதெல்லாம் உள்ளே வரும், மத்ததுக்கு இடம் கிடையாது."

ஏழாம் நாள் போனபோது டீச்சர் நாற்காலியில் இருந்தார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கதவைத் திறந்த அவர் வீட்டுக்காரர் ஏப்ரனில் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"புள்ளியை அழிக்கிறேன்னு இவ கிளம்பினா. ரெண்டு முட்டை வேக வைக்க இருபது பேருக்கான அண்டா. ஒரு டம்ளர் டீயைப் பதினோரு கரண்டியால மாத்தி மாத்திக் கலக்கினா. அடுப்புக்கும் ஹாலுக்கும் நடையா நடந்து, மூணாம் நாளே சாய்ஞ்சுட்டா."

"ஏங்க, வாயை மூடுங்க" என்றார் டீச்சர். "நான் பொய் சொல்லலை, ஏமாத்தலை. அத்தனையையும் உபயோகிச்சேன். நீயே பாரும்மா."

அத்தனையும் உள்ளே வந்தால் ஸ்டூல் வெளியே. அரையடி அக்காவுக்கு முதல் தோல்வி. அண்டாவைக் கவிழ்த்தாள். அடியில் குறி இருந்தது. கரண்டிகளைத் திருப்பினாள். குறி. அறுபது சாமானிலும் குறி. ஒரு வாணலி, ஒரு பாத்திரம், ஒரு கத்தி, ஒரு கரண்டி, இந்த நாலு மட்டும் சுத்தம்.

ஆனால் அக்கா வைத்தது புள்ளி. இருந்ததோ பெருக்கல் குறி.

"சார்..." என்று இழுத்தாள்.

சார் ஜன்னல் வழியே வானத்தை ஆராய்ந்தார்.

டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "பரீட்சை ஹால்ல பிட் அடிச்சவனை எல்லாம் முப்பது வருஷம் பிடிச்சவ நான். என் வீட்டுக்குள்ளேயே ஒரு திருடனா?"

"நீ படுத்ததும் திரும்பக் குறி வெச்சேன். அப்புறம் நாலு நாள் நான்தானே சமைச்சேன்? நாலு சாமான்தான் எனக்குத் தேவைப்பட்டுது. நீ எழுந்து நின்னு வலியில பல்லைக் கடிக்கிறதைப் பார்க்க முடியலைம்மா. அந்த ஸ்டூல் வரணும்."

டீச்சர் அந்த நாலு சாமானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு நாள் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி. மத்தபடி குறை சொல்ல முடியாது" என்றார் கடைசியில். "அலமாரியை எடுத்துடும்மா. ஆனா ஒண்ணு. நாலு போதும்னு கண்டுபிடிச்சவரே சமைக்கட்டும். ஸ்டூல்ல உட்கார்ந்து நான் மேற்பார்வை பாக்கறேன்."

சார் பாடு திருடனுக்குத் தேள் கொட்டின கதை. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பை எடுத்தாள். அடுப்பு மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் முழங்கையை வைத்துத்தான் அவள் முடிவு செய்வாள்.

"கையை மடக்குங்க சார்."

அலமாரியைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கழற்றுகிறார்கள். மேடை, முதலில் டீச்சருக்காக எழுதியிருந்ததை விட மூன்று அங்குலம் உயரமாக வருகிறது.